சும்மா பேப்பர்

ரப்பர் மூட்டை வந்து இறங்கிவிட்டால் எல்லம்மா வீட்டில் மூன்று நாளைக்கு வேறு வாசனை தங்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் மூட்டை அது. உள்ளே ஆயிரக்கணக்கில் கறுப்பு வளையங்கள் இருக்கும். அச்சிலிருந்து எடுக்கும்போது வளையத்தின் ஓரத்தில் மெல்லிய ஏடு மாதிரி ரப்பர் ஒட்டிக்கொண்டு வரும். பிசிறு என்பார்கள். சின்னக் கத்தரிக்கோலால் அதை மட்டும் சுற்றி எடுக்க வேண்டும். வளையத்தில் வெட்டுப் பட்டால் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு வடக்கே, பழைய ஊரின் கடைசித் தெருவில் வீடு. தெருவுக்கு அப்பால் முன்பு நஞ்சையாக இருந்த இடமெல்லாம் மனைக்கல் நட்டுக் கிடந்தது. சித்திரை வெயில் தகரக் கூரையில் இறங்கி, மின்விசிறி அனல் காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது. எல்லம்மாவும் அவள் மகள் லாவண்யாவும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவும் ஆளுக்கொரு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பிசிறு வெட்டினார்கள்.

“இன்னா எல்லம்மா, ஆபீசரம்மாவ இன்னும் ரப்பர் வெட்ட வுட்டுகினு கீற?” என்றாள் கன்னியம்மா.

“இன்னும் நாலு நாளு தான். திங்கக்கெழம போயி சர்ட்டிபிகேட்டு காட்டிட்டு வந்தான்னா ஆர்டர் கைக்கு வந்துரும். அப்பால அவ எதுக்கு இதத் தொடப் போறா?”

“அப்ப எனக்கு ஒரு பட்டா மாத்திக் குடுக்கச் சொல்லு.”

“ஒனக்கு எங்க நெலம் கீது, பட்டா மாத்த?”

“இல்லாட்டி இன்னா? உம் பொண்ணு ஆபீசுல ஒக்காந்தா ஒண்ணு குடுக்க மாட்டாளா?”

எல்லம்மா சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்து நாலு வளையங்கள் உருண்டன. லாவண்யா சிரிக்கவில்லை. அவளுக்கு இருபத்தேழு வயது. நசரத்பேட்டையில் ஒரு குடோனில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தாள். மூன்றாவது முயற்சியில் அரசுத் தேர்வில் தேறியிருந்தாள். உதவியாளர் பதவி. எழுத்துத் தேர்வு முடிந்து, மதிப்பெண் வரிசையில் பெயர் வந்து, இனி சான்றிதழ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி.

“மூணாவது வெட்டு இது,” என்றாள் எல்லம்மா, மகள் கையிலிருந்த வளையத்தைப் பார்த்து. “ஒடம்பு சரியில்லனா போய்ப் படு.”

தெருக்குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. கன்னியம்மா முறத்தை இறக்கிவிட்டு ஓடினாள். லாவண்யா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“மா. திங்கக்கெழம என்ன வேலைக்கு எடுக்க மாட்டாங்க.”

எல்லம்மா கேட்காததுபோல இன்னும் இரண்டு வளையம் வெட்டினாள். பிறகு, “இன்னாடி ஒளர்ற?” என்றாள்.

“வேலைக்கு அறிவிப்பு வந்தது போன ஜூன் மாசம். அந்தத் தேதிக்குள்ள டிகிரி முடிச்சிருக்கணும். என் சர்ட்டிபிகேட்டுல இந்த ஜனவரின்னு போட்டுக் கீது.”

“நீ முடிச்சு அஞ்சு வருசம் ஆவுதேடி. பொண்ணு பாக்க வந்தவங்க கிட்டலாம் பி.காம்னு சொல்லிகினு கீறேன் நான்.”

“ஒரு பேப்பர் நின்னுபோச்சு. சுற்றுச்சூழல்.”

“அது உம் படிப்புல எங்கேந்து வந்துச்சு? நீ கணக்குப் படிப்பு தான படிச்ச?”

“இன்னா படிச்சாலும் அத எழுதணும்மா. எல்லாருக்கும் உண்டு.”

அப்படித்தான் அது இருந்தது. மூன்று வருடப் படிப்பில் தமிழும் ஆங்கிலமும் உண்டு, கணக்கியலும் வணிகச் சட்டமும் உண்டு. இவற்றோடு நான்காம் பகுதி என்று சில பாடங்கள்: சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி, பேச்சுத் திறன். அந்த வகுப்புக்கு ஆசிரியர் என்று தனியாக ஒருவர் கிடையாது. அந்த மணிநேரம் ஓய்வாக இருப்பவர் வருவார். வந்தவரும் வருகைப் பதிவை எடுத்துவிட்டு, விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிடுவார். மதிப்பெண் முதல் வகுப்புக்குச் சேராது. மாணவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் சும்மா பேப்பர்.

இரண்டாம் வருடத்துச் சித்திரையில் அந்தத் தேர்வு கங்கையம்மன் திருவிழாவுக்கு நடுவில் விழுந்தது. ஊரில் கரகம் எடுப்பது லாவண்யாவின் அப்பா பரந்தாமன். அவருடைய அப்பாவும் பாட்டனும் எடுத்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊரார் வேலைக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். கரகம் எடுக்கும் வீட்டுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. ஒன்பது நாளும் அந்த வீட்டு ஆட்கள் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. மற்ற தேர்வுகள் எல்லாம் முன்னேயோ பின்னேயோ அமைந்துவிட, இது ஒன்று மட்டும் ஏழாம் நாளில் வந்தது. நைனா போக வேண்டாமென்றார், லாவண்யா போகவில்லை. வீட்டில் அப்படித்தான் பேச்சு.

அதன்பிறகு மஞ்சள் காமாலையில் ஒரு தவணை போயிற்று. அடுத்து கொரோனா வந்தது. அரியர் வைத்தவர்கள் எல்லாரும் பாஸ் என்று செய்தி வந்த அன்று தெருப் பையன்கள் வெடி வெடித்தார்கள். தன் பேப்பரும் அதில் போய்விட்டது என்று லாவண்யா நினைத்துக்கொண்டாள். தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தவர்களுக்குத்தான் அது என்பது அவளுக்குத் தெரியவில்லை. குடோன்காரன் மதிப்பெண் பட்டியலின் நகலைப் பார்த்தான், பட்டச் சான்றிதழைக் கேட்கவில்லை. போன அக்டோபரில் பட்டச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. வீட்டில் சொல்லாமல் நவம்பரில் போய் எழுதினாள். எழுபத்தோரு மதிப்பெண். ஜனவரியில் சான்றிதழ் வந்தது. அன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தாள். தேதியைப் பிறகுதான் பார்த்தாள்.

“யாராச்சும் தேதியப் பாத்துகினு இருப்பாங்களா?” என்றாள் எல்லம்மா.

“அதப் பாக்கத்தாம்மா கூப்பிடறாங்க.”

நான்கு மணிக்குப் பரந்தாமன் வந்தார். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். விடியலிலிருந்து பட்டாபிராம் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு ஆறு நடை அடித்திருந்தார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் எல்லம்மா கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, வறுத்த நெத்திலிக் கருவாட்டைத் தட்டில் வைத்தாள். அவர் பாதி குடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். அவர் சொம்பைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவுமில்லை. வெளியே யாரோ சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு போனார்கள். 

“நான் தானே போவாதேன்னேன்,” என்றார்.

லாவண்யா தலையைத் தூக்கினாள். ஏதோ சொல்லப் போகிறவள்போல இருந்தது. சொல்லவில்லை.

“காலேஜுல போயி கேக்கலாம்,” என்றார் பரந்தாமன். “மனுசங்க தானே.”

மறுநாள் போனபோது கல்லூரியில் வகுப்புகள் இல்லை. நடையில் நாய் ஒன்று தூங்கியது. அலுவலகத்தில் தேர்வுப் பிரிவு எழுத்தர் மோகன் மட்டும், நெற்றியில் ஈரக் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரந்தாமன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு மகளோடு உள்ளே போனார்.

“செருப்பப் போட்டுகினே வாங்க. கோயிலா இது?”

“பரவால்ல சார். பொண்ணு மத்த பேப்பரு அல்லாம் அப்பவே பாஸு. இது ஒண்ணு தான். அதுவும் சும்மா பேப்பரு.”

மோகன் கைக்குட்டையை எடுத்தார். “சும்மா பேப்பர்னு ஒண்ணு கெடையாது ஐயா. பசங்க கிட்ட நாங்களே அப்பிடித்தான் சொல்லிகினு இருந்தோம். அது எங்க தப்பு தான். ஆனா நூத்தி நாப்பது கிரெடிட்டு இருந்தா தான் டிகிரி. அந்த ஜூன் மாசம் பாப்பா கணக்குல நூத்தி முப்பத்தெட்டு.”

“ரெண்டு தானே சார் கம்மி.”

“ரெண்டு தான் ஐயா.”

மோகன் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். வரிசையாக எண்கள். பரந்தாமன் அதைப் படிக்க முயலவில்லை. திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அம்மன் காரியமா நின்னுட்டா சார். கரகம் எடுக்கறது நாங்க. காப்புக் கட்டிட்டா எங்க ஊட்டு ஆளுங்க எல்லை தாண்டக் கூடாது. அத அப்பிடியே ஒரு லெட்டரா எழுதிக் குடுத்தீங்கன்னா...”

“எழுதிக் குடுக்கறேன். அங்க யாரும் அதப் படிக்க மாட்டாங்க ஐயா.”

“தேதிய மட்டும்...”

“அத மட்டும் கேக்காதீங்க.” மோகன் குரல் கடுமையாக இல்லை. “எனக்கும் பொண்ணு கீது. என்னால முடிஞ்சா நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே பண்ணியிருப்பேன்.”

எந்தெந்தப் பகுதியில் எந்த வருடம் தேறினாள் என்று ஒரு கடிதம் தட்டச்சு செய்து, முத்திரை வைத்து நீட்டினார். லாவண்யா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் பரந்தாமன் வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

“அதுல இன்னா தான் கேட்டாங்க?”

“எதுல நைனா?”

“அந்தப் பரீட்சைல.”

“ஏரிங்க அழியறதுக்குக் காரணம் எழுதச் சொன்னாங்க. பத்து மார்க்கு.”

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. “நீ இன்னா எழுதின?”

“புக்குல இருந்தத எழுதினேன். பிளாட்டு போடறது. கம்பெனித் தண்ணிய வுடறது.”

“போர் போட்டு லாரில உறிஞ்சறது?”

“அதையும் தான்.”

அவர் தலையை ஆட்டினார். வண்டியைக் கிளப்பினார். 

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் எட்டு மணி வண்டியில் பட்டணம் போனார்கள். எல்லம்மா மகளுக்குப் புதுச் சுடிதார் எடுத்து வைத்திருந்தாள். அதைக் கட்டாயப்படுத்திப் போட வைத்தாள், ஒருவேளை, என்றாள். அந்த ஒருவேளை என்ற சொல்லை மூன்று நாளாக வீட்டில் மாற்றி மாற்றி எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கூடத்தில் நீளமான மேசைகள். லாவண்யாவின் மேசையில் இருந்த அம்மாள் ஐம்பது வயதுக்காரர். பென்சிலால் ஒவ்வொரு சான்றிதழிலும் சிறு புள்ளி வைத்துக்கொண்டே போனார். பத்தாம் வகுப்பு, புள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு, புள்ளி. சாதிச் சான்றிதழ், புள்ளி. பட்டச் சான்றிதழில் பென்சில் நின்றது. அறிவிக்கையை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தார். மோகன் கொடுத்த கடிதத்தையும் படித்தார். யாரும் படிக்க மாட்டார்கள் என்று மோகன் சொன்னது தவறு. அந்த அம்மாள் இரண்டு முறை படித்தார்.

“எல்லாம் அந்த வருஷமே முடிச்சிட்ட. இத ஏம்மா விட்ட?”

லாவண்யா மேசைமேல் கிடந்த சான்றிதழ்களை அடுக்கினாள்.

“அடுத்த அறிவிப்புல எழுது. இப்பதான் டிகிரி இருக்கே.” ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “அறிவிக்கை தேதியில் எனக்குத் தகுதி இல்லைன்னு உன் கையால எழுதி, கையெழுத்துப் போடு.”

அழகான கையெழுத்து அவளுக்கு. ஒரு வரியும் கோணாமல் எழுதினாள். எழுதி முடித்துக் கொடுத்ததும் அந்த அம்மாள் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே மதில் ஓரத்தில் பரந்தாமன் நின்றிருந்தார். கூடத்திலிருந்து வருகிற பிள்ளைகள் படியிலேயே நின்று வீட்டுக்குப் போன் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மகள் வருவதைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்க வேண்டியதில்லை என்று ஆயிற்று.

திரும்பும் வண்டியில் கூட்டமில்லை. அண்ணனூர் தாண்டும்போது பணிமனையில் காலி ரயில்கள் வரிசையாக வெயிலில் நின்றன.

“திருப்பி எழுதலாம்ல?” என்றார்.

“எழுதலாம் நைனா.”

எழுதலாம்தான். அடுத்த அறிவிப்பு எப்போது வரும், எத்தனை இடம் இருக்கும், இன்னொரு இரண்டு வருடம் அந்த நூலக நாற்காலியில் முதுகை வைத்து உட்கார முடியுமா என்று அவள் அவரிடம் சொல்லவில்லை. அந்த வாரம் அவள் புத்தகங்களைத் தொடவில்லை. காலையில் எழுந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டாள். கன்னியம்மா வந்து உட்கார்ந்தாள். பட்டாவைப் பற்றி எதுவும் பேசவில்லை. ரப்பர் வாசனையில் மூன்று கத்தரிக்கோல்களின் சத்தம் மட்டும் கேட்டது. எல்லம்மா இடையிடையே கத்தரியை நிறுத்திவிட்டு, “ரெண்டு கிரெடிட்டு,” என்பாள். அது என்ன எடை, எதில் அளக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

பரந்தாமன் மட்டும் கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். டீக்கடையில் சொன்னார், லாரி ஷெட்டில் சொன்னார். நான் தான் நிறுத்தினேன், நான் தான் போவாதேன்னேன். வேண்டாம் என்று எல்லம்மா தடுத்தும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை இந்த வருடத் திருவிழாவுக்குக் காப்பு. புதன்கிழமை மாலை டில்லிபாபு வந்தான். பரந்தாமனின் தம்பி மகன், இப்போது கோயில் வேலைகளை அவன்தான் பார்க்கிறான். சட்டைப் பையில் மஞ்சள் கயிறு இருந்தது.

“இன்னா பெர்ப்பா, பூசாரி ஆள் மேல ஆள் அனுப்பறாரு. வந்து உக்காந்து பேச வேணாமா?”

“இந்த வருசத்துலேந்து நான் எடுக்கல. உங்கப்பன எடுக்கச் சொல்லு.”

டில்லிபாபு சிரித்தான். “எங்கப்பனா? அது தல மேல வெறும் சொம்ப வெச்சாலே ரெண்டு தெரு தாண்டாது.”

பரந்தாமன் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் உட்கார்ந்தான்.

“அம்மன் பேரச் சொல்லி எம் பொண்ணு வாழ்க்கைய நிறுத்திப்புட்டேண்டா. மூணு தலமொறையா எடுத்தோம். ஒரு பரீட்சைக்கு வழி வுடத் தெரில எனக்கு. இன்னா மூஞ்ச வெச்சிகினு நான் இனிமே அத தூக்கறது?”

“அம்மா மேல கோவமா பெர்ப்பா?”

“அம்மா மேல எதுக்குக் கோவம்? அது இன்னா வந்து சொல்லிச்சா? நான் தான்டா சொன்னேன்.”

எல்லம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே, நடையில், லாவண்யா வளையம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக நினைவிருந்தது. ஆறாம் நாள். நைனா கொல்லையில் உட்கார்ந்து கரகச் செம்பைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். நாளைக்கு உனக்குப் பரீட்சைன்னியே, முக்கியமானதுனா சொல்லு, பூசாரியக் கேட்டு மஞ்சத் தண்ணி ஊத்திகினு நானே கூட்டிகினு போறேன், அம்மா ஒண்ணும் நெனைக்க மாட்டா என்றார். வேணாம் நைனா, அது சும்மா பேப்பர் என்று அவள்தான் சொன்னாள். புத்தகத்தை அவள் அதுவரை பிரிக்கவில்லை. ஏழாம் நாள் தெருவெல்லாம் பெண்கள் கோலம் போடுவார்கள். கரகம் வரும்போது அப்பா காலில் தண்ணீர் ஊற்ற அவள் நிற்க வேண்டும். புதுத் தாவணி இருந்தது. அம்மா பிறகு வந்து ஏன் போகவில்லை என்று கேட்டபோது, அம்மாவின் வாய்க்குப் பயந்து, நைனா வேணாம்னுச்சு என்றாள். அவ்வளவுதான். அம்மா அதைக் கன்னியம்மாவிடம் சொன்னாள், சித்தியிடம் சொன்னாள். வருடா வருடம் திருவிழாவில் அது ஒரு பெருமைப் பேச்சாகச் சொல்லப்பட்டது. கேட்டுக் கேட்டு நைனாவுக்கே, தான் அப்படித்தான் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

“லாவண்யா,” என்று டில்லிபாபு நடைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான். “நீ சொல்லேன். நீ சொன்னா கேப்பாரு.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அப்பா பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கழுத்து லாரி வெயிலில் கறுத்துப் போயிருந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது அவள் வாய்க்குள் முழுசாக, எழுத்துப் பிசகாமல் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் அவர் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிக்கொள்வார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எல்லாரும் அவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். இழந்தவள் என்று பார்க்கிறார்கள் இப்போது. அது ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது.

“நைனா இஷ்டம்ணா,” என்றாள்.

டில்லிபாபு எழுந்து போனான். எல்லம்மா விளக்கு வைக்க உள்ளே போனாள். பரந்தாமன் மெதுவாக வந்து மகளுக்குப் பக்கத்தில், மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் தலைமேல் கையை வைத்தார்.

“இத்தினி நாள்ல நீ என்னப் பாத்து ஒரு வார்த்த சொல்லலயே கண்ணு,” என்றார்.